விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் பொதுவாக ஒரே டி டிரைவ்: எக்ஸ்ஃபேட் போதாதா?

2023 அக்டோபர் 8

ஒரே கணினியில் விண்டோஸ் 10-ம், லினக்ஸ் வகையான உபுண்டுவும் இருக்கின்றன. தரவுக்கென்று தனியாக ஒரு பார்ட்டிஷன் (வட்டில் பிரித்து வைத்த பகுதி) வைத்து, இரண்டு பக்கமிருந்தும் படிக்கவும் எழுதவும் வேண்டும். அதற்கு எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) போதும் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

வீட்டு நிலவரம்: பெங்களூர் அல்சூரில் இரண்டு அறை வீடு, மூன்று பேர், ஒரு கணினி. 2017-ல் எஸ்.பி. ரோடில் கடை கடையாக ஏறி பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்தது. ஏழாம் தலைமுறை ஐ5, 250 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டியில் பாதி விண்டோஸ், பாதி உபுண்டு. அக்கா மூன்று கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதுகிறாள், அதற்கு விண்டோஸ் வேண்டும். எனக்கும் அப்பாவுக்கும் உபுண்டு. அப்பா ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், இப்போது நினைவுக் குறிப்புகள் எழுதுகிறார். கல்யாண ஃபோட்டோ, பில், அப்பாவின் கதை எல்லாம் அந்த 1 டிபி-யில்தான் இருக்க வேண்டும்.

இதுவரை அது விண்டோஸின் சொந்த அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தது. உபுண்டு பக்கம் வந்தால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது 'படிக்க மட்டும்' என்று திறக்கிறது. வெறுத்துப்போய்விட்டது.

2023 அக்டோபர் 9

பழைய ஃபேட்32 அமைப்பே போதும் என்று பதிலில் சொன்னவருக்கு: ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தொட முடியாது. சித்தப்பா மகன் கல்யாண வீடியோ மட்டும் 11 ஜிபி.

லினக்ஸின் சொந்த அமைப்பான இஎக்ஸ்டி4 சொன்னவருக்கு: விண்டோஸுக்கு அதைப் படிக்கவே தெரியாது. அதைவிட ஒரு பயம் இருக்கிறது. பார்ட்டிஷனின் வகைக் குறி தவறாக 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டேட்டா' என்று இருந்துவிட்டால், விண்டோஸ் அதற்கு ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து 'இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கும். அக்கா அவசரத்தில் எந்தப் பட்டனையும் அமுக்குவாள். ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

2023 அக்டோபர் 15

செய்துவிட்டேன். எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டு வந்தது. அதன் விவரக் குறிப்பை 2019-ல்தான் வெளியிட்டது. அந்த வருடமே லினக்ஸ் 5.4 கெர்னலில் (இயங்குதளத்தின் மையம்) சோதனை நிலையில் ஒரு டிரைவர் (அந்த அமைப்பைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த நிரல்) வந்தது, 2020-ல் 5.7-ல் சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் அந்த இடத்தைப் பிடித்தது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

ஒரு வாரமாக ஒரு புகாரும் இல்லை. 'படிக்க மட்டும்' என்ற பேச்சே இல்லை. என் கட்சி ஜெயித்தது.

2023 நவம்பர் 26

பார்ட்டிஷனுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும், ஆனால் சம்பந்தம் உண்டு. அக்கா காலை 10 மணிக்கு உட்கார்ந்தால் விண்டோஸ் 4:30 என்கிறது. "டேய், உன் லினக்ஸ் என் கடிகாரத்தையும் விட்டு வைக்கலையா?"

மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். லினக்ஸ் தன் வழக்கப்படி கடிகாரத்தைத் திருத்தி வைத்துவிட்டுப் போக, அடுத்து வரும் விண்டோஸ் அதை அப்படியே நம்புகிறது. இணையம் வந்து சரிசெய்யும் வரை அந்த நேரம்தான். அதற்குள் சேமித்த பில்கள் எல்லாம் விடியற்காலை முத்திரையோடு போய் உட்காரும். ஃபோல்டரைத் தேதி வரிசையில் பார்த்தால் அக்கா கோழி கூவும் முன் எழுந்து கணக்கு எழுதியது போல இருக்கும்.

ஏதாவது ஒரு பக்கத்தை மாற்றினால் போதும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இழுக்கலாம், அல்லது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல் டைம் இஸ் யுனிவர்சல்' என்று ஒரு மதிப்பைச் சேர்த்து 1 கொடுக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். பிழை திசை மாறுமே தவிரப் போகாது.

2024 மார்ச் 10

தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். இந்த வருடம் பெங்களூரில் யாருக்குத்தான் லாரி நம்பர் மனப்பாடம் இல்லை.

அப்பாவின் நான்கு கோப்புகள் திறக்கவில்லை. 'கோப்பு பழுதடைந்துள்ளது, சரிசெய்யவா?' என்று லிப்ரே ஆஃபீஸ் கேட்கிறது. சரி என்றாலும் ஒன்றும் வரவில்லை. ஒரு வார எழுத்து. அவர் கோபப்படவில்லை, "பரவாயில்லை, மறுபடி எழுதிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

2024 மார்ச் 11

காரணம் கிடைத்தது என்று நினைக்கிறேன். போன வாரம் இரண்டு தடவை கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகிறது, மாற்றாதது என் சோம்பல். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. அதாவது 'இதைச் செய்யப் போகிறேன்' என்று முன்கூட்டி எழுதி வைக்கும் பழக்கம் இல்லை. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பாதிதான்.

2024 மார்ச் 17

மேலே எழுதியது தவறு. ஜர்னல் இல்லை என்பது உண்மைதான், ஆனால் இந்தக் குற்றத்தைச் செய்தது கரண்ட் இல்லை.

பழுதான கோப்பு ஒன்றைச் சும்மா டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பார்த்தேன். லிப்ரே ஆஃபீஸின் ஓடிடி (.odt) கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டை. எந்த ஜிப்பும் 'பிகே' என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும். அப்பாவின் கோப்பு ஒரு சதவீதக் குறியில் தொடங்கி, அடுத்து 'பிடிஎஃப்' என்றது. பெயரை மாற்றித் திறந்தால் ஒரு ஜவுளிக்கடை பில்! அக்கா போட்டது. அப்பாவின் கிணற்றடிக் கதைக்குள் பாலியெஸ்டர் சேலை எப்படி வந்தது?

இப்படித்தான் வந்தது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் லாகினை மூடுகிறது. ஆனால் கெர்னலை மூடாமல் அப்படியே வட்டில் ஒரு கோப்பாக எழுதி வைத்துத் தூங்கப் போகிறது. மறுநாள் எழும்போது அந்தக் கோப்பிலிருந்து நினைவு திரும்புகிறது. டி டிரைவில் எந்த இடம் காலி, எது நிரம்பியது என்ற கணக்கும் அந்த நினைவில் அடக்கம்.

மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு நெருக்கடி. அக்கா இரவு ஷட்டவுன் செய்துவிட்டுத் தூங்கினாள். காலையில் நான் உபுண்டுவைத் திறந்து கொடுக்க, அப்பா எழுதி, காலியாக இருந்த இடத்தில் சேமித்தார். சாயங்காலம் விண்டோஸ் எழுந்தது. அதன் நினைவில் அந்த இடம் இன்னும் காலிதான். பில்லை அங்கேயே எழுதியது. யாரும் தப்பு செய்யவில்லை. ஒரே வீட்டை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டால் இப்படித்தான்.

அப்படியென்றால் அக்டோபர் முதல் ஏன் நடக்கவில்லை? அதுவரை அக்கா பெரும்பாலான நாட்களில் வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுத்து நாற்காலியை என்னிடம் விடுவாள். ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக மூடித்தான் எழும். ஷட்டவுன்தான் பாதி மூடல். பெயரை வைத்துப் பார்த்தால் யாருக்கும் தலைகீழாகத்தான் தோன்றும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு உறைத்தது. பழைய என்டிஎஃப்எஸ் 'படிக்க மட்டும்' என்று அடம் பிடித்ததே, அது இதற்காகத்தான். லினக்ஸின் என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர், வட்டின் பதிவேடு மூடப்படாமல் கிடப்பதைப் பார்த்து 'விண்டோஸின் நினைவில் இன்னும் பாக்கி இருக்கிறது, எழுத விடமாட்டேன்' என்று நிறுத்தியது. நான் அந்தக் காவல்காரனை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, 'இப்போது புகாரே இல்லை' என்று இங்கே பீற்றிக்கொண்டேன். அக்டோபர் 15 குறிப்பை அழிக்காமல் விடுகிறேன், கிடக்கட்டும்.

2024 மார்ச் 24

மாற்றியாயிற்று. எக்ஸ்ஃபேட்டை அப்படியே என்டிஎஃப்எஸ் ஆக்க வழியில்லை. எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் கொட்டி, விண்டோஸ் பக்கமிருந்து ஃபார்மட் செய்து, திரும்ப ஏற்றினேன். ஒரு முழு ஞாயிறு.

அதற்கு முன் விண்டோஸில் அட்மினாகக் கட்டளைச் சன்னலைத் திறந்து ஹைபர்னேட்டையே (நினைவு முழுவதையும் வட்டில் எழுதிவிட்டுத் தூங்கும் வசதி) முழுதாக அணைத்தேன். பவர் ஆப்ஷனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை மட்டும் எடுத்தாலும் ஷட்டவுன் சரியாகிவிடும். ஆனால் ஹைபர்னேட் இருந்தால் அக்கா என்றாவது அதை அமுக்குவாள், மறுபடி அதே கதை. விண்டோஸ் திறக்க இப்போது பத்து வினாடி கூடுதலாகிறது. அக்கா முணுமுணுக்கிறாள்.

அதே விதி நமக்கும் உண்டு. லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனாலும் இதே நாசம்தான். அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. லினக்ஸ்காரர்களுக்குத் தங்கள் மேல் சந்தேகம் வராது போலும்.

எந்த டிரைவர் என்று கேட்டவருக்கு: இரண்டு இருக்கிறது. என்டிஎஃப்எஸ்-3ஜி 2007-ல் நிலையான பதிப்பாக வந்தது, கெர்னலுக்கு வெளியே ஓடும், கொஞ்சம் மெதுவு. பாராகன் நிறுவனம் எழுதிக் கொடுத்த என்டிஎஃப்எஸ்3 2021-ல் 5.15 கெர்னலில் சேர்ந்தது, உள்ளேயே ஓடுவதால் வேகம். அப்பா தட்டும் வேகத்துக்குப் பழையதே அதிகம். 3ஜி-யோடு நிற்கிறேன்.

2024 மே 12

கோடை மழை ஒருவழியாக வந்தது, வந்ததும் கரண்ட் போனது. அப்பா உபுண்டுவில் எழுதிக்கொண்டிருந்த நேரம். மறுபடி திறந்தால் டிரைவ் 'அசுத்தம்' என்கிறது, அதாவது சரியாக மூடப்படவில்லை.

இங்கே பலர் எழுதியிருப்பது போல என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் ஓட்டினேன், திறந்துவிட்டது. ஆனால் அது பழுது பார்க்கும் கருவி என்று நினைக்காதீர்கள். சில்லறைப் பிசகுகளைச் சரிசெய்து, ஜர்னலைத் துடைத்துவிட்டு, 'அடுத்து விண்டோஸ் வந்தால் சோதிக்கவும்' என்று சீட்டு எழுதி வைக்கும். அவ்வளவுதான். உண்மையான சோதனை விண்டோஸின் செக்டிஸ்க்தான். அதை ஓட்டினேன், ஒரு கோப்பும் போகவில்லை. இதே கருவியை ஷட்டவுன் பாக்கி இருக்கும் டிரைவில் ஓட்டினால், விண்டோஸ் எழுதாமல் வைத்திருந்ததைத் தூக்கிப் போடும். முதலில் ஏன் அசுத்தம் என்று தெரிந்துகொண்டு பிறகு துடையுங்கள்.

யுபிஎஸ் பேட்டரியும் வாங்கியாயிற்று.

2024 ஜூலை 21

அப்பாவுக்குத் தலைப்பில் கேள்வி கேட்கப் பிடிக்கும். 'சங்கு ஊதியது யார்?', '1975: ரேஷன் கடையில் என்ன நடந்தது?' இப்படி. அதுவே கோப்பின் பெயரும்.

விண்டோஸில் பெயருக்குள் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள், சாய்கோடுகள், செங்குத்துக் கோடு, கோணக் குறிகள் எதுவும் ஆகாது. லினக்ஸுக்குச் சாய்கோடு ஒன்றுதான் ஆகாது. என்டிஎஃப்எஸ் அமைப்புக்கே ஆட்சேபணை இல்லை, அதனால் உபுண்டுவில் சேமிக்க முடிந்தது. அக்கா பக்கம் போனால் பெயர் தெரிகிறது, திறக்கவும் வராது, அழிக்கவும் வராது. லினக்ஸில் டிரைவை இணைக்கும்போது கொடுக்கும் மவுண்ட் ஆப்ஷனில் 'விண்டோஸ் நேம்ஸ்' என்று ஒன்று இருக்கிறது (நடுவில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு). அதைப் போட்டால் லினக்ஸும் அத்தகைய பெயரை ஏற்காது.

போட்டேன். அப்பாவிடம் விளக்கினேன். "கேள்வி கேட்கக் கூடாதுன்னு ஒரு கம்ப்யூட்டரா?" என்றார். இப்போது 'சங்கு ஊதியது யார்' என்று குறியில்லாமல் வைக்கிறார், ஆனால் கோப்பைத் திறந்ததும் முதல் வரியில் இரண்டு கேள்விக்குறி.

2024 ஆகஸ்ட் 4

சிறு விஷயம். டிரைவில் இடம் போதவில்லை என்று அக்கா கல்யாண வீடியோவை அழித்தாள், நானும் என் பக்கம் பழைய ஐஎஸ்ஓ கோப்புகளை அழித்தேன், இடம் ஏறவே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு குப்பைத்தொட்டி. விண்டோஸின் ரீசைக்கிள் பின் ஒரு மறைவான ஃபோல்டர், உபுண்டுவின் குப்பை இன்னொரு மறைவான ஃபோல்டர். ஒன்றைக் கொட்டினால் மற்றது கொட்டாது.

2024 அக்டோபர் 13

ஆயுத பூஜைக்குக் கணினியைத் துடைத்து, கேபினெட்டைத் திறந்து தூசி ஊதி, குங்குமம் வைத்து மூடினேன். மறுநாள் உபுண்டு திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு 'எமர்ஜென்சி மோட்' என்றது.

ஊதும்போது ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிள் தளர்ந்துவிட்டது. தொடங்கும்போது எந்த டிரைவை எல்லாம் இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் டி டிரைவ் எழுதப்பட்டிருக்கிறது, டிஸ்க் கிடைக்கவில்லை, அதனால் முழு இயங்குதளமும் வாசலில் நின்றுவிட்டது. அந்த வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் டிரைவ் இல்லாமலே மேலே போயிருக்கும். இப்போது சேர்த்துவிட்டேன். டிரைவைச் சாதனப் பெயரில் எழுதாமல் யூயூஐடி-யில் (டிரைவின் தனி அடையாள எண்) எழுதுங்கள். கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகினால் சாதனப் பெயர் மாறலாம், யூயூஐடி மாறாது.

குங்குமத்துக்குச் சம்பந்தமில்லை என்று அக்காவுக்குப் புரியவைக்கத்தான் நேரமானது.

2025 ஜனவரி 19

'பொங்கல் 2016' என்று இரண்டு ஃபோல்டர். ஒரே இடத்தில், எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். வைரஸ் என்றாள் அக்கா.

'பொ' என்பதில் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய வட்டு அமைப்பு பெயரைப் பிரித்து வைக்கும். அந்த வருடம் மாமா தன் மேக்கிலிருந்து ஜிப் செய்து அனுப்பிய ஃபோட்டோக்கள் கொம்பும் காலுமாக வந்திருக்கின்றன. என்டிஎஃப்எஸ்ஸோ இஎக்ஸ்டி4-ஓ இதைச் சேர்த்துப் பார்க்காது, அவற்றுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒ, ஓ, ஔ வரிசை எழுத்து உள்ள எல்லாப் பெயருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஒன்றில் 212 படம், மற்றதில் 40. சேர்த்துவிட்டேன்.

2025 அக்டோபர் 19

இந்த மாதம் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. ஏழாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-ன் பட்டியலில் இல்லை. அக்கா லேப்டாப் வாங்கிவிட்டாள். இந்தக் கணினியில் இனி உபுண்டு மட்டும்.

அப்படியானால் டி டிரைவ் என்டிஎஃப்எஸ்ஸாகவே இருக்கலாமா? இருக்கலாம், ஒருநாள் அசுத்தமாகும் வரை. 2024 மே மாதக் குறிப்பைப் பாருங்கள், செக்டிஸ்க் வைத்திருந்தவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். அதனால் இஎக்ஸ்டி4-க்கு மாற்றுகிறேன்.

2025 அக்டோபர் 26

நகல் எடுக்கும்போது 14 கோப்புகள் 'பெயர் மிக நீளம்' என்று நின்றன. பதினான்கும் அப்பாவுடையவை. அதில் ஒன்று:

'தூரவாணி நகர் குடியிருப்பில் இருந்த கிணற்றை மூடிய நாளில் யார் யார் அழுதார்கள் என்பது பற்றிய நினைவு'

என்டிஎஃப்எஸ் பெயருக்கு 255 யூனிகோடு குறிகள் வரை இடம் தரும். இஎக்ஸ்டி4-ம் 255 என்றுதான் சொல்லும், ஆனால் அது பைட் கணக்கு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 85 குறிகள். 'க்' என்றால் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆறு பைட் போயிற்று. மேலே உள்ள பெயரை எண்ணினேன். சரியாக 85 குறி, 255 பைட். அதோடு நின்றிருந்தால் நுழைந்திருக்கும். சொற்களுக்கு நடுவே 12 இடைவெளி, கடைசியில் புள்ளியும் ஓடிடியும் சேர்த்து 4. மொத்தம் 271. ஆங்கிலத்தில் கதை எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை வாழ்நாளில் வராது.

நல்ல சேதியும் உண்டு: கேள்விக்குறி திரும்பக் கிடைத்துவிட்டது. அப்பாவிடம் இரண்டையும் சொன்னேன். "கேட்கலாம், ஆனா சுருக்கமா கேட்கணும். அதானே?" என்றார்.

2025 நவம்பர் 2

அக்காவின் லேப்டாப்பிலிருந்து டி டிரைவைப் பார்க்க வீட்டு வைஃபையில் சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை நெட்வொர்க் வழியே விண்டோஸுக்குத் திறந்துவிடும் நிரல்) போட்டுக் கொடுத்தேன். இனி இரண்டு இயங்குதளம் ஒரே வட்டைத் தொடுவதில்லை. வட்டை உபுண்டு மட்டும் தொடும், விண்டோஸ் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஷட்டவுனா ரீஸ்டார்ட்டா என்ற கவலை ஒழிந்தது. இதை 2023-லேயே செய்திருக்கலாமே என்று எழுதப் போகிறவர்களுக்கு: அப்போது இரண்டாவது கணினி இல்லை.

கேள்விக்குறியை மீட்ட அப்பா உடனே பழைய தலைப்புகளை எல்லாம் பழையபடி மாற்றிவிட்டார். சாம்பா அப்படிப்பட்ட பெயரை விண்டோஸுக்கு நேராகக் காட்டாது. ஏதோ நாலைந்து எழுத்தும் நடுவில் ஒரு அலைக்குறியுமாகச் சுருக்கி அனுப்பும். 'சங்கு ஊதியது யார்?' எது என்று அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீளப் பெயர்கள் பதினான்கில் மூன்றுதான் சுருங்கியிருக்கின்றன. கிணற்றுக் கதையில் ஒரு சொல்லையும் எடுக்க முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அது இன்னும் வெளி டிஸ்க்கிலேயே இருக்கிறது, என்டிஎஃப்எஸ்ஸில்.